இரண்டாவது வேட்டுக்குப் பிறகு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நாத்தனாரிடமிருந்து எடுத்தது. எடுத்தது என்றால், கேட்காமல் எடுத்தது.

அவள் வீட்டு வாஷிங் மெஷின் பழுதாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பை நிறைய அழுக்குத் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். துணி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது. சாப்பாட்டு மேசை முழுக்க அன்றைக்கும் தாள்கள். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள்.

நீளமான வெள்ளைப் பட்டை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெறும் வெள்ளை. அதில் ஒரே ஒரு பெண். முன்னால் சாய்ந்திருந்தாள். ஒரு பாதம் மட்டும் படகு மாதிரி இழுபட்டு நீண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

"இது என்ன, கிழிஞ்ச படமா?" என்று கேட்டேன்.

"கிழியல அண்ணி. முழுப் படமே இதுதான்."

பிறகு விளக்கினாள். ஓட்டப்பந்தயத்தின் முடிவுக்கோட்டில் நிற்கும் கேமரா நம் கேமரா போல இடத்தைப் படம் பிடிப்பதில்லை. விரல் அகலம்கூட இல்லாத அந்தக் கோட்டை மட்டுமே அது பார்க்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பார்க்கும். பார்த்ததை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும். எனவே படத்தின் நீளம் என்பது தூரம் அல்ல, நேரம்.

"அப்ப இந்த வெள்ளையெல்லாம்?"

"அது யாரும் வராத நேரம்."

நான் எழுத்தில் முப்பது வருடம் முயன்றும் இப்படி ஒரு வாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை. அவள் அதைச் சொல்லிவிட்டுத் துணி முடிந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனாள்.

திரும்பி வந்ததும் கேட்டேன்: "எட்டுப் பேர் ஓடற ஓட்டம்தானே? மத்த ஏழு பேர் எங்க?"

அவள் மடிக்கணினியைப் பாதி மூடினாள். "சொல்றேன். ஆனா நீங்க இத எழுதக் கூடாது."

எழுதுகிறவளிடம் அப்படிச் சொல்வதும் பேனாவை எடுத்துக் கையில் கொடுப்பதும் ஒன்றுதான்.

(முதல் வரைவை அவளிடம் காட்டினேன். ஒரு வேளைச் சாப்பாடு முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு பென்சில் கேட்டாள். அவள் போட்ட திருத்தங்களைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "துப்பாக்கி முழங்கியது. எட்டு வீராங்கனைகளும் வில்லிலிருந்து விடுபட்ட அம்புகளைப் போல"

அங்கேயே நிறுத்திவிட்டேன். விடுபட்ட அம்பை யாரும் திரும்பி வா என்று கூப்பிடுவதில்லை. இங்கே நடந்ததோ அப்படிக் கூப்பிட்டதுதான்.

இரண்டு: "மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்ட அவள்"

அடித்தேன். ஒரு பெண் ஓடுவதை எழுத உட்கார்ந்தால் பேனா தானாகப் போய் அவள் காலடியில் நின்றுகொள்கிறது. அவள் கால்கள் நீளமா குட்டையா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அவை கோட்டைக் கடந்த நேரத்தை மட்டும்.

மூன்று: "பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் கலந்துகொண்ட தடகளப் போட்டியின் மூன்றாம் நாள், மாலை ஐந்து இருபதுக்கு, பெண்களுக்கான நூறு மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. அது இரண்டு முறை நடந்தது."

செய்தித்தாள் வாடை அடிக்கிறது. ஆனால் பொய் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

3

நாத்தனார் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊசல் குண்டு, லென்ஸ், தேய்ந்துபோன ஸ்டாப்வாட்ச் இவற்றோடுதான் அவள் பகல். ஊரில் தடகளப் போட்டி என்றால் முடிவுக்கோட்டுக் கேமராவை இயக்கப் போய்விடுவாள். பதினோரு வருடமாகப் போகிறாள்.

முடிவுக்கோட்டுக்கு நேர் மேலே, கோபுரத்தின் இரண்டாம் தளத்தில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு திரை, கால் ஆடும் ஒரு ஸ்டூல், சுவர் ஓரமாக ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் காற்றில் தாள் பறக்காமலிருக்கத் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பாள். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே கேமரா. அதே அறையில் முதன்மை நடுவரும் இருப்பார். வார நாட்களில் காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவர்; போட்டி நாட்களில் தொலைபேசியை விட்டு நகராதவர்.

ஓட்டக்காரர்கள் நெருங்கும்போது நாத்தனார் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். எல்லோரும் கடந்ததும் விட வேண்டும். பிறகு திரையில் வரும் படத்தில் ஒவ்வொருவர் மார்பிலும் மயிரிழை போல ஒரு கோட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். தலை முந்தினாலும் கை முந்தினாலும் கணக்கில்லை. மார்பு எப்போது வந்தது என்பதுதான் கணக்கு.

"பதினோரு வருஷத்துல ஒரு நூறு மீட்டர் ஓட்டத்தக்கூட நான் பாத்ததில்ல அண்ணி," என்றாள். "எனக்குத் தெரிஞ்சது கோடுதான். கல்யாணத்துல சமையல்கட்டுல நிக்கறவளுக்குப் பொண்ணு மாப்பிள்ள முகம் தெரியாதில்ல, அது மாதிரி."

[நான் 'மயிரிழை'ன்னு சொல்லவே இல்ல. அது ஒரு பிக்சல். - நா.]

4

இனி ஓடியவள்.

மருந்தாளுநர் படிப்பில் கடைசி ஆண்டு. அதனால் அணியில் அவளுக்கு மாத்திரை என்று பெயர். வைத்தவர்கள் அதற்குமேல் யோசித்திருக்க மாட்டார்கள். நான் இலக்கணப் புத்தகம் திருத்துகிறவள் என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது. கண் ஒருமுறை இமைக்கும் நேரத்துக்கும் தமிழில் மாத்திரை என்றுதான் பெயர். கண் இமைக்கும் நேரத்தில் ஒன்பதாம் இடக்காரி எட்டாம் இடக்காரி ஆகிவிடும் ஒரு வேலையில் இருப்பவளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

அப்படித்தான் அவள் இறுதி ஓட்டத்துக்கே வந்தாள். முந்தின நாள் அரையிறுதிகளில் கடைசி ஓர் இடம் மிச்சம் இருந்தது. அவளுக்கும் இன்னொரு நாட்டுப் பெண்ணுக்கும் ஒரே நேரம், 11.49. ஆயிரத்தில் பங்கு பிரித்துப் பார்த்ததில் மாத்திரை நான்கு முன்னால் இருந்தாள். நொடியை ஆயிரமாக நறுக்கி அதில் நான்கு. எதிரணி ஆட்சேபம் சொல்ல, இரண்டு பயிற்சியாளர்களும் படியேறி வந்து படத்தைப் பார்த்தார்கள். நாத்தனார் கோட்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்துக் காட்டினாள். அதே நான்கு. மாத்திரையின் பயிற்சியாளர் ஓர் அம்மா; அவள் படிக்கும் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை. படத்தைப் பார்த்து முடித்ததும் அவர் நாத்தனாருக்கு நன்றி சொன்னாராம். "எனக்கு எதுக்கு நன்றி? நெஞ்ச முன்னால குடுத்தது அவ," என்றாளாம் இவள்.

இதற்கு முன் வேறெங்கும் அவள் 11.49 ஓடியதில்லை. வாழ்நாளின் சிறந்த நேரம் அது. தேசிய முகாமில் சேர 11.40 வேண்டும். மாணவர் போட்டிகளுக்கு வயது வரம்பு உண்டு; அடுத்த போட்டிக்குள் அவள் அதைத் தாண்டிவிடுவாள். ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை தயாராக இருந்தது. மாலை ஐந்து இருபதுக்கு 11.40 வந்தால் முகாம். வராவிட்டால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு தொழிற்சாலை.

(இந்த இடத்தில் எனக்கு என்மேலேயே ஒரு சந்தேகம் வந்ததைச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் அவளுக்கு இருமிக்கொண்டே இருக்கும் ஓர் அம்மாவைக் கொடுத்திருந்தேன். செருப்பில்லாமல் ஓடிய பிள்ளைப்பருவமும் கொடுத்திருந்தேன். நாத்தனார் கேட்டாள்: "இது யாரு?" உண்மையில் அப்பா பேருந்துப் பணிமனையில் எழுத்தர், அம்மா டியூஷன் எடுக்கிறார், இருவரும் நல்ல ஆரோக்கியம். தம்பிக்குப் பரீட்சை என்பதால் ஓட்டத்தைப் பார்க்க வரவில்லை. அவ்வளவுதான். கஷ்டப்பட்டவர்கள்தான் வேகமாக ஓடுவார்கள் என்று கதைகளுக்கு எங்கிருந்தோ ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அம்மாவின் இருமலை எடுத்துவிட்டேன்.)

5

ஐந்து இருபது.

நாத்தனாரின் காதில் ஹெட்போன். நூறு மீட்டருக்கு அப்பால் தொடக்கக் குழு பேசுவது அதில் கேட்கும். மாத்திரை எட்டாம் தடம், கடைசியாக உள்ளே வந்தவர்களுக்கான ஓரத்துத் தடம். அரங்கம் அடங்கியது. வேட்டு. திரையின் மூலையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

ஒரு நொடிகூட ஆகியிருக்காது. இன்னொரு வேட்டு.

இரண்டாவது வேட்டு என்றால் நில், திரும்பி வா என்று பொருள். ஆறாம் தடத்துப் பெண் சத்தத்துக்கு முன்பே காலை உதைத்துவிட்டாள். காது கேட்டு, மூளை சொல்லி, கால் தள்ளுவதற்குப் பத்தில் ஒரு பங்கு நொடியாவது ஆகும் என்பது விதி. அதற்கு முன் தள்ளினால் அவள் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினாள். இப்படி ஒருத்தி தவறினால் எல்லோரும் திரும்ப வேண்டும். தவறியவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

"ரீகால். எல்லாரையும் கூப்பிடுங்க," என்றது ஹெட்போன்.

பத்து மீட்டரில் ஒருத்தி நின்றாள். இருபதில் மூன்று பேர். முப்பதில் மற்றவர்கள். ஒருத்தி நிற்கவில்லை.

முதலில் அரங்கம் சிரித்தது. எப்போதும் அப்படித்தான் சிரிப்பார்களாம். பாவம், கேட்கவில்லை போல என்ற சிரிப்பு. ஓரத்தில் நின்ற ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டினார். இன்னொருவர் விசில் ஊதினார்.

நாற்பது மீட்டரில் சிரிப்பு குறைந்தது. ஐம்பதில் நின்றேவிட்டது.

அவள்

அவள் ஓடிய

காற்று அவளை

இந்தப் பத்தியில் எட்டு நாள் கிடந்தேன். மேலே இருக்கும் மூன்றும் அந்த எட்டு நாளின் மிச்சம். அழிக்க மனமில்லை. அவளை எழுத வரவில்லை என்பதால், அவளைப் பார்த்தவர்களை எழுதுகிறேன். கொடி ஆட்டியவரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. விசில்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பக்கத்து மைதானத்தில் உயரம் தாண்ட ஓடி வந்துகொண்டிருந்த ஒரு பெண் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். முப்பது மீட்டரில் இடுப்பில் கைவைத்து நின்ற இறுதிப்போட்டிக்காரிகள் தங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த முதுகைப் பார்த்தார்கள். ஆறாம் தடத்துப் பெண் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தாள். அவளும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அத்தனை பேர் கூடிய இடத்தில் காலணி ஆணிகள் தடத்தைக் கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது. நாத்தனார் திரையை விட்டு, கோட்டை விட்டு, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பொதுவா கடைசில முகமெல்லாம் பிச்சுக்கிட்டு இருக்கும் அண்ணி. கழுத்து நரம்பு புடைச்சிருக்கும். எத்தன ஆயிரம் படம் பாத்திருக்கேன். இவ முகம் தூங்கற முகம் மாதிரி இருந்துச்சு. தூங்கற குழந்தைய யாரும் எழுப்ப மாட்டோமில்ல. அங்க இருந்த அத்தன பேரும் அப்படித்தான் நின்னோம்."

முதன்மை நடுவர் தொலைபேசியில் இருந்தபடியே சொன்னார்: "ரீசெட் பண்ணும்மா."

அவள் பண்ணவில்லை. அவள் விரல் வேறு பொத்தானில் இருந்தது. அழுத்திப் பிடித்தாள்.

"ஏன் அழுத்தின?" என்று கேட்டேன்.

"ஆள் வந்தா அழுத்தறதுதானே என் வேல," என்றாள்.

6

கீழே நேரம் காட்டும் பெரிய பலகையை அணைத்துவிட்டிருந்தார்கள். பயிற்சியாளர்கள் இரண்டாவது வேட்டிலேயே கைக்கடிகாரங்களை நிறுத்தியிருந்தார்கள். ஓடியது ஒரே ஒரு கடிகாரம், அந்த அறையில் இருந்தது.

திரையில் நீண்ட வெள்ளை. வலப்பக்க ஓரத்தில் மாத்திரை. நாத்தனார் பழக்கத்தில் கோட்டை இழுத்துக்கொண்டுபோய் மார்பில் வைத்தாள். எண் வந்தது. 11.184. நூறில் சொல்லும்போது மேல்நோக்கித்தான் எழுத வேண்டும். எனவே 11.19.

கோட்டை எடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். 11.184.

இந்த இடத்தில் வாசகர் என்னை நம்ப மாட்டார் என்று தெரியும். அவளும் தன்னை நம்பவில்லை. இயற்பியல்காரி இல்லையா, குற்றம் கருவியில் இருக்கும் என்றே எடுத்துக்கொண்டாள். துப்பாக்கி வெடித்ததற்கும் கடிகாரம் தொடங்கியதற்கும் இடைவெளி இருக்கிறதா என்று காலையில் பார்த்த சோதனைப் பதிவைத் திறந்து பார்த்தாள். இல்லை. காற்று தள்ளியிருக்குமோ என்று காற்றுமானியைப் பார்த்தாள். அது வேட்டுச் சத்தத்தோடு தானாகவே ஓடியிருந்தது: நொடிக்கு 0.4 மீட்டர், முதுகுப்பக்கம். 2 மீட்டர் வரை செல்லும். மாத்திரையே முன்கூட்டிக் கிளம்பிவிட்டாளோ என்று பார்த்தாள். வேட்டுக்குப் பின் 0.171 நொடி. எட்டுப் பேரில் கடைசியாகக் கிளம்பியவள் அவள்தான்.

எந்தப் பக்கத்திலிருந்து தட்டிப் பார்த்தாலும் அந்த எண் உறுதியாக நின்றது. போட்டிச் சாதனையே 11.24 தான்.

"அந்த நேரத்துல என்ன நெனச்ச?"

"ஒண்ணும் நெனைக்கல. ஃபேன அணைச்சேன். எதுக்கு அணைச்சேன்னு கேட்டீங்கன்னா தெரியாது."

முதன்மை நடுவர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினார். "அந்த ஃபைல தூக்கிடும்மா. அடுத்த ஓட்டத்தோட கலந்துட்டா குழப்பம்." அவர் திரையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. நடக்காத ஓட்டம் அது. தொடக்கக் குழுவோடு பேச அவர் கீழே இறங்கிப் போனார்.

நாத்தனார் ஃபைலின் பெயரை மாற்றி வேறொரு இடத்தில் வைத்தாள்.

[இது வெளியே தெரிஞ்சா என்னைய அடுத்த போட்டிக்குக் கூப்பிட மாட்டாங்க. ஆனா எழுதுங்க. - நா.]

7

மாத்திரைக்காக ஓட்டத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளிவைத்தார்கள். நூறு மீட்டரை முழு வேகத்தில் ஓடிய உடம்புக்குப் பதினைந்து நிமிடம் என்பது ஒன்றுமே இல்லையாம்.

ஐந்தாவது நிமிடத்தில் அறைக் கதவு திறந்தது. பயிற்சியாளர் அம்மா. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"நான் வாட்ச நிறுத்திட்டேன்," என்றார். "ரெண்டாவது வேட்டுலயே நிறுத்திட்டேன். பழக்க தோஷம். உங்ககிட்ட இருக்கா?"

திரையை நாத்தனாரின் முதுகு மறைத்திருந்தது. நகர்ந்தால் போதும்.

அந்த அம்மா ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு நின்றுவிட்டார். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சில தெரிஞ்சிடும். அவ என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் தடத்துல குனிவா." சற்றுப் பொறுத்து, "நல்லா ஓடினாளா, அத மட்டும் சொல்லுங்க," என்றார்.

"ஓடினாங்க," என்றாள் நாத்தனார்.

அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். போகும்போது சுவரைத் தொட்டுத் தொட்டு இறங்கினார்.

இரண்டாம் ஓட்டத்துக்கு என்னிடம் நான்கு வரைவுகள் இருந்தன. ஒன்றில் அவள் வெல்கிறாள். ஒன்றில் 11.40 துல்லியமாக வருகிறது. ஒன்றில் அவள் ஓட மறுத்து அரங்கத்தை விட்டு நடந்து போகிறாள். அதை எழுதிய அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் நடந்ததுதான் கதை என்று தொடங்கிவிட்டு இப்போது கை வைக்கக் கூடாது.

ஏழு பேர் ஓடினார்கள். மாத்திரை ஆறாவதாக வந்தாள். 11.76. வென்றவளின் நேரம் 11.33. நாத்தனார் ஏழு மார்புகளிலும் கோடு வைத்தாள். ஆறாவது மார்பில் வைக்கும்போது மட்டும் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் பிளந்திருந்தது. எல்லோருடைய முகத்தையும் போலவே இருந்தது.

8

ஒரு சின்ன இடைவேளை.

முப்பது வருடமாக எழுதுகிறேன். என் நல்ல பக்கங்கள் எவை என்று கேட்டால் அச்சில் வந்தவற்றைக் காட்டுவேன். ஆனால் உண்மை வேறு. எவருக்கும் அனுப்பப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, மெய்ப்புத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிய சில பத்திகள் உண்டு. ஒருமுறை அப்பாவின் சிகிச்சைக்காக மருத்துவமனையில் காத்திருந்தபோது ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. அந்தத் தாள் எங்கே போயிற்றோ. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தேடித்தான் என்று சில நாள் தோன்றும்.

இதை ஒப்பிட்டுப் பெருமைப்பட எழுதவில்லை. என் ஒன்றரைப் பக்கத்துக்குச் சாட்சி இல்லை. மாத்திரைக்கு இருக்கிறது. ஆயிரத்தில் பங்கு வரை இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான் என்று இந்த வரியை எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது.

9

அன்றைய போட்டிகள் முடிந்து, கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, நாத்தனார் படியிறங்கினாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. கோபுரத்தின் கடைசிப் படியில் மாத்திரை உட்கார்ந்திருந்தாள். அணியின் பேருந்துக்காகக் காத்திருந்தாள். காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். எழுந்து வழிவிட்டாள்.

இவள் போகவில்லை.

"உங்களுக்கு ரெண்டாவது வேட்டு கேக்கலையா?" என்று கேட்டாள்.

அன்று மாலை முழுக்க எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்களோ. மாத்திரை எல்லோருக்கும் சொன்ன பதிலைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு இவள் தோளில் தொங்கிய கேமராப் பெட்டியைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுச்சுக்கா," என்றாள்.

"கேட்டுச்சா?"

"கோச்சுகிட்ட கேக்கலன்னுதான் சொல்லியிருக்கேன். ஆனா கேட்டுச்சு. அஞ்சாறு எட்டுகூட வச்சிருக்க மாட்டேன், கேட்டுருச்சு." பழத்தோலை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. ஒரு வருஷமா வயித்துக்குள்ள ஒரு கல்லு மாதிரி இருந்துச்சு. பதினொண்ணு நாப்பது, பதினொண்ணு நாப்பதுன்னு. அந்த வேட்டு கேட்டதும் இது கணக்குல இல்லன்னு ஆயிடுச்சு. கல்லு விழுந்துடுச்சு. நிக்கணும்னு தெரியுது. ஆனா உடம்பு அவ்வளவு லேசா என்னிக்குமே இருந்ததில்ல. இன்னும் ரெண்டு எட்டு, இன்னும் ரெண்டு எட்டுன்னு போயிட்டேன்."

"திரும்ப ஓடணும்னு தெரியுமில்ல?"

"தெரியும். அம்பது மீட்டர்லயே தெரியும், நான் எத விட்டுட்டு எத எடுக்கறேன்னு." அவள் சிரித்தாள். "முட்டாள்தனம்தான். ஆனா மறுபடி அதே எடத்துல நிறுத்தினாலும் அதத்தான் பண்ணுவேன்னு நெனைக்கிறேன்."

(முதல் வரைவில் இங்கே அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லை என்று நாத்தனார் பக்கத்தின் ஓரத்தில் மூன்று முறை எழுதிவிட்டாள்.)

பேருந்து வந்து நின்றது. மாத்திரை காலணியை எடுத்துக்கொண்டாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"அக்கா, நீங்க மேலதானே இருந்தீங்க. அது எவ்வளவு வந்திருக்கும்? யாராச்சும் பாத்திருப்பாங்களா?"

நாத்தனார் பொய் சொல்லத் தெரியாதவள். உண்மை சொல்லவும் அப்போது அவளுக்கு வாய் வரவில்லை. "நம்பர் குடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

10

அது நடந்து மூன்று வாரமாகிறது. இன்று முப்பதாம் தேதி. நாளை ஒன்றாம் தேதி.

கதைக்கு மூன்று முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. சொல்லிப் பார்க்கிறேன்.

அவளிடம் சொல்லிவிடலாம். அவள் வேலையை விட்டுவிட்டு அந்த எண்ணைத் துரத்துவாள். கல் மறுபடி வயிற்றுக்குள் வந்து உட்காரும், இந்த முறை 11.19 என்ற பெயரில். வருடக்கணக்கில் ஓடியும் அது திரும்ப வராமல் போகலாம்.

அவளிடம் சொல்லிவிடலாம். அவள் "அப்படியாக்கா" என்று சொல்லி, மறுநாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். உலகத்துக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களின் நடை அவளுக்கு வந்திருக்கும்.

சொல்லாமலே விடலாம். அப்போது அது ஒரு நல்ல மாலையாக மட்டும் அவளிடம் இருக்கும். லேசாக இருந்த ஓர் உடம்பின் நினைவு. அளக்காததால் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக இருக்கக்கூடிய ஒன்று.

மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றும் எழுத்தில் நன்றாகவே வருகின்றன. அதுதான் சிக்கல்.

[உங்களுக்கு எழுத்துல வருது. எனக்குத் தூக்கம் வரல. - நா.]

இந்தத் திருத்தத்தை எழுதிவிட்டு அவள் பென்சிலை வைத்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மணி பகல் பதினொன்று. போனை எடுத்தாள்.

"என்ன பண்ணப் போற?"

"பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னேன் அண்ணி. பாத்துட்டேன். கூப்பிடணும். கூப்பிட்டு என்ன சொல்றதுன்னு தெரியல."

"யோசிச்சிட்டுக் கூப்பிடு."

"மூணு வாரமா யோசிச்சாச்சு."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். மணி அடிக்கிறது. நான் அவள் பேசுவதைக் கேட்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றுகொண்டிருக்கிறேன்; கையெழுத்து கோணல்மாணலாகப் போகிறது. நான்காவது மணியில் மாத்திரை எடுத்தாள். பின்னால் யாரோ பெட்டியை இழுக்கும் சத்தம். விடுதி அறையைக் காலி செய்கிறாள் போல.

"நான்தாம்மா. அந்தப் படிக்கட்டுல பாத்தோமில்ல. கேமரா."

"அக்கா." குரல் சட்டென்று மாறிவிட்டது. பெட்டி இழுபடும் சத்தம் நின்றுவிட்டது. "நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

நாத்தனார் உள்ளங்கையால் போனை மூடிக்கொண்டாள். "அண்ணி," என்றாள் மெதுவாக. "சொல்லவா, வேணாமா?"

பாடப்புத்தகங்களில் நூற்றுக்கணக்கான தவறுகளைத் திருத்தியிருக்கிறேன். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மேசையில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. இவ்வளவு நேரம் கூட வந்தவர் நீங்கள். மாத்திரையை எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். அதில் உட்காருங்கள். நான் எழுதுவதை நிறுத்துகிறேன். உள்ளங்கைக்கு அடியிலிருந்து குரல் வந்துகொண்டிருக்கிறது.

"சொல்லுங்கக்கா. லைன்லதான் இருக்கேன்."